கோர்ட்டில் கேட்கக் கூடாத கேள்வி

மாஜிஸ்ட்ரேட் துரை பந்தை மேசையின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். அது அவர் எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பி, மைக்கூட்டைத் தாண்டி, என் காலடியில் வந்து விழுந்தது.

குனிந்து எடுத்துக் கொடுத்தேன். கையில் ரப்பர் வாசம் ஒட்டிக்கொண்டது. புளித்த பாலும் புகையும் கலந்த அந்த வாசத்தை மலாயாவின் பேராக்கில் வளர்ந்த யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் முகரும்போதெல்லாம் அந்தக் காலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன மாங்காய் அளவு இருந்தது அந்தப் பந்து. ரப்பர் நாடாவைச் சுற்றிச் சுற்றிச் செய்தது. அதுதான் வழக்கில் களவு போன சொத்து. அதைச் செய்தவள் கூண்டில் நின்றாள். கூண்டின் கட்டைக்கு மேலே அவளுடைய கண்களும் நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"நீங்கள் ஈப்போக்காரர் ஆயிற்றே, எங்கள் பாகான் செராய்க்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். மாற்றல் உத்தரவு வந்தது, வந்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிக் கதைதான் தெரியும். இந்த வாரம் மீதிப் பாதியையும் படித்துக்கொள்ளட்டும்.

பெண் குரல் கேட்காத வீடு

இருபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைச் சொன்னால் வம்பு. என் சகலை ஒருவர் ஒவ்வொரு வாரமும் தேதியைச் சரிபார்த்துக் கடிதம் போடுகிறார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிறந்தது தைப்பிங்கில். அப்பா ரயில்வேயில் கிளார்க். எனக்கு நாலு வயதாகும்போதே அம்மா போய்விட்டாள். அக்கா தங்கை கிடையாது. அப்பா என்னைப் பினாங்கில் ஒரு பாதிரிமார் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டார். அங்கே பையன்கள் உண்டு, பாதிரிமார் உண்டு, வாரம் ஏழு நாளும் ஒரே சாம்பார் வைக்கும் சமையல்காரர் உண்டு. பெண் குரல் என்று ஒன்று அந்தக் கட்டடத்தில் கேட்டதே இல்லை.

தமிழை அங்கே ஒரு வாத்தியார் இலக்கணத்தோடு சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலத்தைப் பாதிரியார் பிரம்போடு சொல்லிக் கொடுத்தார். இரண்டிலும் முதலாவதாகத் தேறியதால் ஈப்போ கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்தது. ஜனங்கள் துபாஷி என்பார்கள். வெள்ளைக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக, தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த நாள் ஈப்போவை நினைத்தால் முதலில் காதில்தான் கேட்கிறது. ரிக்‌ஷா மணி, மாட்டு வண்டியின் கடகடப்பு, தூரத்தில் ஈயச் சுரங்கத்து இயந்திரம் மண் வாரும் இரைச்சல். மத்தியானம் சொல்லி வைத்த மாதிரி மழை பிடிக்கும். விட்டதும் சுண்ணாம்புக் குன்றுகள் நாலு எட்டு பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

கோர்ட்டுக்கு எதிரே, கடை வரிசையின் முன்நடைபாதையான அஞ்சடியில் ஒரு ராவுத்தர் கோப்பிக் கடை வைத்திருந்தார். காலையில் அங்கேதான் பசியாறுவோம். இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவி வாழை இலைத் துண்டில் தருவார். கோர்ட் பியூன் சுப்பையா அண்ணன் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருப்பார். ஐம்பது வயதுக்காரர், நாலு பெண்களுக்குத் தகப்பன். கோர்ட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும்.

துரையின் சொந்தச் சட்டம்

மாஜிஸ்ட்ரேட் துரையின் பெயர் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டி ஒன்றும் வாங்க மாட்டார். கோர்ட் வாசலில் ஒரு நாய்க்குட்டி வண்டியில் அடிபட்டபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் வழக்கில் சட்டப் புத்தகத்தை வரிக்கு வரி பார்ப்பார். சின்னப் பிள்ளைகள் வழக்கு வந்துவிட்டால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவார். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தாம்தான் தகப்பன் என்ற நினைப்பு.

யார் வீட்டு மரத்திலோ ரம்புத்தான் பழம் பறித்த ஒரு சீனப் பையனுக்கு, ஒரு வாரம் தினமும் காலையில் கழுத்தில் ரம்புத்தான் மாலையோடு கோர்ட் வாசலில் நிற்க வேண்டும் என்று தீர்ப்பு. பள்ளிக்குப் போகாமல் ரயில் பார்க்கப் போன ஒரு பையனுக்கு அங்கேயே மொட்டை. நாவிதரைக் கூட்டி வரச் சுப்பையா அண்ணன்தான் ஓடினார்.

எந்தச் சட்டத்தில் இதெல்லாம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கோர்ட்டே சிரித்தது. மொட்டை அடிக்கப்பட்ட பையன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதபோது நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

பந்து எப்படிச் செய்வது

அஞ்சலை செமோர் பக்கத்து ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பன் காய்ச்சலில் செத்துப்போனான். ஆத்தா மாரியாயி பால் வெட்டுகிறவள். ஒரே மகள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய பந்து ஏது? மரத்தில் வெட்டிய கோட்டில் பால் வடிந்து காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். ஒட்டுப்பால் என்பார்கள். மறுநாள் அதை ஓரத்தில் பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும். ஒரு ரப்பர் கொட்டையை நடுவில் வைத்து, அதன்மேல் நாடாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போனால் பந்து. அது குதிக்கிற குதியை இந்தக் காலத்துப் பந்து குதிக்காது.

பிற்பாடு என் பிள்ளைகளுக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். வெயில் காலத்தில் ரப்பர் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை சிதறும். அதைக் கல்லில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைத்துவிட்டு ஓடுவது இன்னொரு விளையாட்டு. இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எத்தனை பேர் தொடையைத் தடவிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. அதையும் கூடையில் சேர்த்து எடை போட்டுக் கொடுக்க வேண்டும். ரப்பர் திருட்டு என்றால் அந்த நாளில் தோட்டத்துத் துரைமார்களுக்குக் கொதி வந்துவிடும். தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, பிள்ளையைப் பந்தோடு பிடித்துப் போலீசில் ஒப்படைத்துவிட்டார். மேலிடத்தில் நல்ல பெயர் எடுக்க அவருக்கு அன்றைக்கு வேறு வழி தோன்றவில்லை போலிருக்கிறது.

"வந்துட்டா சாமி"

"சாலாவா, சாலா இல்லையா?" என்று அவளைக் கேட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று இலக்கணமாகக் கேட்டால் தோட்டத்தில் யாருக்கும் விளங்காது. தப்புக்கு அவர்கள் சாலா என்ற மலாய்ச் சொல்லைத்தான் சொல்வார்கள். வேலைக்கு வந்த மூன்றாம் மாதமே அதைத் தெரிந்துகொண்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

"பந்துதான் செஞ்சேன்," என்றாள்.

"எடுத்தியா, இல்லையா?"

"எடுத்தேன். மரத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

துரை எழுதிக்கொண்டார். பிறகு தாளைத் திருப்பினார். வயது என்ற இடத்தில் போலீசார் ஒன்றும் எழுதவில்லை. தாயைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

மாரியாயி முன்னால் வந்து நின்றாள். வெளுத்த சேலை, கையெல்லாம் ரப்பர் கறை. "புது லயத்துக்குத் தகரம் போட்டாங்கல்ல, அப்ப வவுத்துல இருந்தா சாமி," என்றாள்.

லயத்துக்கு, அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு, கூரை போட்ட வருஷம் எது என்று கிராணிக்கும் தெரியவில்லை. துரைக்குப் பொறுமை போய்விட்டது. பேனாவை மேசையில் தட்டினார். இவள் சட்டப்படி வயது வந்தவளா இல்லையா, அதை மட்டும் கேள் என்றார். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வார்த்தைதான். நானும் நாலைந்து வார்த்தையில் கச்சிதமாக மொழிபெயர்த்தேன்.

"ஏம்மா, உன் மகள் வயசுக்கு வந்துட்டாளா?"

கோர்ட் சட்டென்று அடங்கியது. பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். கிராணி கூரையைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கேட்டதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மாரியாயி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மகளைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வந்துட்டா சாமி. மூணு மாசம் ஆச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு."

மூன்று மாதத்துக்கு முன்பே வயது வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளையைக் குளிப்பாட்டிய விவரத்தை இங்கே எதற்குச் சொல்கிறாள் என்று நினைத்து, அதை விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட அறிவாளி நான்.

அஞ்சலை தாயையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். துரை அவளைத் திரும்பச் சொன்னார். அவள் திரும்பவில்லை. மறுபடி சொன்னார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மரியாதை தெரியாத பிள்ளை என்றார் துரை. பெரியவள் ஆகிவிட்ட பிறகும் திருடினால் பெரியவர்களுக்கு உள்ளதுதான். பத்து காஜா ஜெயிலில் ஆறு வாரம். அப்போதுதான் புத்தி வரும்.

நான் அதை மாரியாயிக்குத் தமிழில் சொன்னேன்.

"ஜெயிலுக்கா?" என்றாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "வயசுக்கு வந்த புள்ளையவா?"

அதையே மறுபடியும் கேட்டாள். போலீஸ்காரன் அஞ்சலையின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனான். துரை சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

சுப்பையா அண்ணன் சொன்னது

கோப்பிக் கடையில் சுப்பையா அண்ணன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்காங்களா?"

"இல்லண்ணே."

"அத்தை, சித்தி யாராச்சும்?"

"ஊர்ல இருக்காங்களாம். பாத்ததில்ல."

"அதான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே, நான் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாட்டிலும் தோட்டத்திலும் என்ன அர்த்தம் என்று சொன்னார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் என்ன என்றும் சொன்னார்.

காது சுட்டது. சடங்கு வீடுகள் எனக்குத் தெரியும். பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு இலக்கியத்தில் வழங்கும் சொற்களும் தெரியும். வீட்டுப் பெண்கள் அதை இந்த இரண்டு சொல்லில் சொல்வார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்ல ஆள் இல்லை. சின்னப் பெண் ஒருத்தியைக் கூண்டில் நிறுத்தி, அத்தனை ஆண்களுக்கு நடுவில் அதைக் கேட்டிருக்கிறேன்.

"எம் மகள அப்படிக் கேட்டிருந்தா நான் அடிச்சிருப்பேன் தம்பி," என்றார் அண்ணன். "தெரியாம கேட்டீங்க, அது எனக்குத் தெரியுது. அந்த அம்மாவுக்குத் தெரியுமா? போயிப் பேசுங்கலா."

மரத்தடியில்

மாரியாயி கோர்ட் வளாகத்து மரத்தடியில் வேரின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றாள்.

"சாமி, அவ இன்னும் வயசுக்கு வரல்ல."

"பின்னே ஏன் வந்துட்டான்னு சொன்னீங்க?"

"வயசுக்கு வந்த பொண்ண வூட்ட விட்டு வெளிய தங்க வைப்பாங்களா? ஒருத்தரும் வைக்க மாட்டாங்க. தோட்டத்துல மூக்கு முட்டக் கள்ளு குடிக்கிறவன்கூட வைக்க மாட்டான். நீங்க கேட்டீங்கல்ல, அப்ப நெனச்சேன். தொரைக்கு நல்ல மனசு. வந்துட்டான்னு சொன்னா வூட்டுக்கு அனுப்பிருவாரு, அதுக்குத்தான் கேக்குறாருன்னு."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"பொய்யி சொன்னேன்னு அவளுக்குக் கோவம். அத்தன ஆம்பளைங்க முன்னால சொல்லிட்டேன்ல. என்னயத் திரும்பிப் பாக்காமயே போறா." அவள் அப்போதுதான் அழுதாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சாமி. ஆத்தா இல்லாம ஒரு நாள் படுத்ததில்ல."

அந்தப் பிள்ளைக்கு மிஞ்சிப் போனால் பன்னிரண்டு இருக்கும். தாய் பக்கத்தில் இல்லாமல், தெரியாத பெண்களுக்கு நடுவில், ஆறு வாரம். அதற்கு நான் கேட்ட ஒரு கேள்வியும் தாய் சொன்ன ஒரு பதிலும் போதுமானதாக இருந்தது.

"எழுதியது எழுதியதுதான்"

துரை தம்முடைய அறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். கிளப்பில் சொல்ல நல்ல கதை கிடைத்துவிட்டது என்றார்.

திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"இரண்டும் ஒன்றுதானே? உங்கள் ஜனங்கள் அந்த வயதில் கல்யாணமே செய்து வைக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பெரியவள், ஜெயிலுக்குக் குழந்தையா?"

அந்த அர்த்தத்திலும் அது உண்மை இல்லை, தாய் பயத்தில் சொல்லிவிட்டாள் என்றேன்.

"அப்படியானால் கோர்ட்டில் பொய் சொல்லியிருக்கிறாள். அவளையும் உள்ளே அனுப்பட்டுமா?"

வயது தெரியாத பிள்ளையை டாக்டரிடம் அனுப்பிப் பார்க்கலாமே, குழந்தை என்று தெரிந்தால் பெரியவர்களுக்கான ஜெயிலுக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காதே என்றேன்.

"இந்தக் கோர்ட்டில் சட்டம் என்ன என்பதைத் துபாஷி சொல்வதில்லை," என்றார். "அந்தப் பெண்ணின் நன்மைக்குத்தான் செய்திருக்கிறேன். ஒரு நாள் எனக்கு நன்றி சொல்வாள். எழுதியது எழுதியதுதான்."

அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. துஷ்டனாக இருந்திருந்தால் எனக்கு அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மனு

மேல்கோர்ட் நீதிபதிக்கு மனு எழுதலாம் என்று சுப்பையா அண்ணன்தான் சொன்னார். பழைய தஸ்தாவேஜு அறையில் மாரியாயியை உட்கார வைத்து எழுதினேன். வெளியே அன்றாட மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

தாய் பொய் சொன்னாள் என்று எழுதினால் அவளும் உள்ளே போவாள். ஆகவே பதிலைப் பற்றி ஒன்றும் எழுதாமல், கேள்வி தப்பு என்று மட்டும் எழுதினேன். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் வழக்கு தெரியவில்லை, சட்டப்படி வயதைக் கேட்பதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டுவிட்டார், ஆகையால் கிடைத்த பதில் வயதைப் பற்றியது அல்ல என்று எழுதினேன். கீழே மாரியாயியின் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். ரப்பர் கறை ஏறிய விரலில் மை சரியாகப் பிடிக்கவில்லை, மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

பிறகு என் பெயரை எழுதப் போனேன்.

"அத எழுதாதீங்க தம்பி," என்றார் அண்ணன். "பேரு போடாமயும் மனு போகும். தொர பாத்தார்னா உங்க வேல காலி. இந்த வேல கெடைக்க உங்கப்பா எத்தன பேரு கால்ல விழுந்தாரு?"

"பேரு இல்லன்னா தப்பா கேட்டது யாருண்ணே? அந்த அம்மா சொல்றத யாரு நம்புவாங்க?"

அவர் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். மையொற்றும் தாளை எடுத்துக் கொடுத்தார். என்னை அந்த நாளில் யாராவது தைரியசாலி என்று சொன்னால் நம்பாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. மாரியாயி இரண்டு தடவை செமோரிலிருந்து நடந்தே வந்து, கோர்ட் மூடும்வரை அதே வேரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, அவள் போகாத நாட்களில் அவளுக்கு வேலை இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் சாப்பிட்டிருப்பாளா என்று மட்டும் கேட்பாள்.

பத்தாம் நாள் காலையில் உத்தரவு வந்தது. நீளமான உத்தரவு இல்லை. இப்படி ஒரு தண்டனை விதிக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் கிடையாது, பிள்ளையை உடனே தாயிடம் விட வேண்டும் என்று இருந்தது. அதை நாலு தடவை படித்தேன். பள்ளியில் படித்த கவிதை எதுவும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

துரை என்னோடு பேசவில்லை. மத்தியானத்துக்குள் என் மேசைமேல் இன்னொரு கவர் இருந்தது. மாதக் கடைசியில் பாகான் செராய் கோர்ட்டில் போய்ச் சேர வேண்டும். வயலும் கொசுவும் நிறைந்த அந்த ஊரை அப்போது யாரும் விரும்பிக் கேட்டு வாங்க மாட்டார்கள். வாசகரே, உம்முடைய கேள்விக்குப் பதில் இதுதான். அந்த ஊரை நான் பிற்பாடு எவ்வளவு நேசித்தேன் என்பதும் உமக்குத் தெரியும்.

பத்து காஜா

மறுநாள் விடிந்ததும் மாரியாயியும் நானும் பத்து காஜாவுக்குப் போனோம். எனக்கு ஒரே குஷி. மாற்றலைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. ஸ்டேஷனில் கச்சாங் பூத்தே விற்கிறவரிடம் அஞ்சலைக்காக ஒரு பொட்டலம் வறுகடலை வாங்கினேன். வழியெல்லாம் மாரியாயிக்கு மேல்கோர்ட் உத்தரவை விளக்கிக்கொண்டே போனேன். அவள் கேட்ட மாதிரி இருந்தது, கேட்டாளோ என்னவோ. இடுப்பில் ஒரு துணி மூட்டை. மகளுக்கு மாற்றுப் பாவாடை என்றாள்.

ஜெயில் வாசலில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நின்றோம். வெயில் ஏறியது. ஒரு சின்னக் கதவு திறந்தது. முதலில் பெண் வார்டர் ஒரு அம்மாள் வந்தார். பின்னால் அஞ்சலை.

போகும்போது பாவாடை சட்டையில் போனவள். இப்போது அதன்மேல் கைதிகளின் முரட்டு வெள்ளைத் துணி ஒன்றைத் தாவணி மாதிரி சுற்றிப் போட்டிருந்தார்கள். தலையை எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னியிருந்தார்கள். முகத்தில் மஞ்சள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மாரியாயிக்கு அந்த ஒரு நிமிஷம் தேவைப்படவில்லை. மூட்டை அவள் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"நாலு நாளாச்சும்மா," என்றார் வார்டர் அம்மாள். "பயந்துட்டா. ஆத்தா ஆத்தான்னு ஒரே அழுக. நாங்க சும்மா விடல. சமையக்கட்டுல மஞ்சள் கேட்டு வாங்கி, உள்ள இருக்கிற பொம்பளைங்களே தண்ணி ஊத்தினாங்க. ஒரு சீன அம்மா இருக்கு, நம்ம பேச்சு ஒண்ணும் தெரியாது. அதுதான் தெனம் பக்கத்துல படுத்துக்கிச்சு."

மாரியாயி மகளின் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்தாள். கன்னத்து மஞ்சளைக் கட்டைவிரலால் தடவினாள். அஞ்சலை இப்போது தாயிடமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அவள் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

"எந் தம்பி பச்ச ஓல வெட்டிக் குச்சு கட்டியிருப்பான்," என்றாள் மாரியாயி, யாரிடமும் என்றில்லாமல். "லயத்துப் பொம்பளைங்க எல்லாம் வந்திருப்பாளுங்க. ஒரே புள்ள எனக்கு."

வறுகடலைப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னவோ சொல்ல வேண்டும் என்று, மேல்கோர்ட்டில் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள், கணக்கில் ஒன்றும் இருக்காது, பிள்ளைமேல் ஒரு கெட்ட பெயரும் இல்லை என்றேன்.

மாரியாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் கேட்டீங்கல்ல சாமி. வந்துட்டா. இப்ப போயி எழுதிக்குங்க."